பேட்ச் அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டப்புறங்களிலிருந்து வரும் மாணவர்களுக்குத் திறந்த மூல மென்பொருளில் பங்களிக்கக் கற்றுக்கொடுத்து வருகிறேன். நிரலில் செய்த மாற்றத்தை மட்டும் வரி வரியாகக் காட்டும் கோப்புதான் பேட்ச். அதை அனுப்பும்போது, புதிதாக வருபவர்கள் ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். ஓட்டிப் பார்க்காத நிரலை அனுப்பக் கூடாது என்பது போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேட்சை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில், 'கிட் டிஃப்' கட்டளை காட்டும் வரிகளைத் திரையிலிருந்து நகலெடுத்து, உலாவியில் திறந்த மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் டேப்கள் வெறும் இடைவெளிகளாக மாறியிருக்கும், நீண்ட வரிகள் பாதியில் முறிந்திருக்கும். பால்மரம் வெட்டுபவர் முந்தைய வெட்டைப் பார்த்து அதையொட்டியே கத்தியை வைப்பதுபோல, மாற்றத்துக்கு மேலும் கீழும் உள்ள மும்மூன்று வரிகளைக் கொண்டே கிட் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அவ்வரிகள் சிதைந்தால் பேட்ச் பொருந்தாது.

பொருந்தாமல் போனால்கூடப் பரவாயில்லை. கட்டாயப்படுத்திப் பொருத்துவதுதான் பெருங்கேடு. ஒரு மாணவர், நிரலைத் தொகுக்கும் 'மேக்' கருவிக்கான கோப்பாகிய மேக்ஃபைலில் ஒரே ஒரு கட்டளை வரியைச் சேர்த்து இப்படி அனுப்பினார். பெற்றுக்கொண்ட நண்பர், 'இக்னோர்-வைட்ஸ்பேஸ்' தெரிவைக் கொடுத்ததும் பேட்ச் சத்தமில்லாமல் ஏறிவிட்டது. மேக் ஓட்டியபோது 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று நின்றது. அந்தத் தெரிவு சுற்றியுள்ள வரிகளின் இடைவெளி வேறுபாட்டை மட்டுமே பொறுத்துக்கொள்ளும். புதிதாகச் சேரும் வரி வந்தபடியேதான் உள்ளே போகும், மேக்ஃபைலின் கட்டளை வரியோ டேப்பில் தொடங்கியாக வேண்டும். "என் கணினியில் ஓடுகிறதே, அண்ணே!" என்று அந்த மாணவர் சொன்னது உண்மைதான்; அவரிடம் டேப் இருந்தது. பிழையே இல்லாத நிரலில் பிழை தேடி இருவருக்கும் ஒரு மாலைப்பொழுது வீணானது.

'கிட் ஃபார்மட்-பேட்ச்' மூலம் கோப்பை உருவாக்கி, 'கிட் சென்ட்-ஈமெயில்' மூலம் முதலில் உங்கள் முகவரிக்கே அனுப்புங்கள். வந்த அஞ்சலை அப்படியே சேமித்து, மாற்றம் எதுவும் செய்யாத பிரதியில் 'கிட் ஏஎம்' கொண்டு ஏற்றிப் பாருங்கள். அது ஏறிய பிறகே திட்டத்தாருக்கு அனுப்ப வேண்டும்.

'ஃபஸ்' என்ற எச்சரிக்கையைக் கடந்துபோவது

லேரி வால் 1985இல் வெளியிட்ட 'பேட்ச்' கருவி, சுற்றுவரிகள் முழுமையாகப் பொருந்தாவிட்டாலும் சிலவற்றைத் தள்ளிவிட்டு மாற்றத்தை ஏற்றிவிடும். அப்படித் தள்ளிவிட்டதற்கு அடையாளமாக 'ஃபஸ் 2' என்று மட்டும் சொல்லும். ஒரே மாதிரியான செயற்கூறுகள் நிறைந்த கோப்பில் மாற்றம் வேறொன்றுக்குள் போய் உட்கார்ந்துவிடலாம். கோப்பைத் திறந்து பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

ஒரே பேட்சில் இரண்டு வேலை

பிரித்து அனுப்புங்கள்.

'ரெஜ்' கோப்பை அழித்துவிடுவது

பேட்சின் ஒரு பகுதி பொருந்தாதபோது 'பேட்ச்' கருவி உருவாக்கும் கோப்பு இது. ஏறாத மாற்றம் அதற்குள்தான் இருக்கிறது.

பெயரை மாற்றி மாற்றி எழுதுவது

கிட்டில் அடையாள அட்டையின் முழுப்பெயரும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரியில் வீட்டுப்பெயருமாக இருக்கக் கூடாது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலில் அந்த வரி, இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழியாகும்.

பதில் வரவில்லை என்று மறுநாளே மீண்டும் அனுப்புவது

குறைந்தது ஒரு வாரம் பொறுக்கும்படி லினக்ஸ் கருநிரல் வழிகாட்டி கேட்டுக்கொள்கிறது. திருத்திய பேட்சை 'வி2' என்று குறித்து, என்ன மாறியது என்பதை, பேட்சில் விளக்கத்தை அடுத்து வரும் மூன்று சிறு கோடுகளுக்கு (---) கீழே எழுதுங்கள். அங்கே எழுதுவதைப் பராமரிப்பாளர் படிப்பார், அது நிரல் வரலாற்றில் சேராது.