தொடையில் முட்டி குத்தினால் எண்ணெயை எடுக்காதீர்கள்

கபடியில் ரெய்டரைப் பாய்ந்து பிடிக்கும்போது அவருடைய முழங்கால் நம் தொடையில் நச்சென்று இறங்கும். தோல் கிழியாது, ரத்தம் வராது. ஊமையடிதானே என்று எழுந்து ஆடிவிடுவோம். உடம்பு சூடாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ராத்திரி படி ஏறும்போதுதான் கால் மடங்க மறுக்கும். தொடை எலும்புக்கும் அந்த முட்டிக்கும் நடுவில் தசை நசுங்கி, உள்ளே ரத்தம் கட்டியிருக்கும்.

பெரிய தவறு இதற்கு அப்புறம்தான். வீட்டில் யாராவது நல்லெண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு வந்து, "கட்டு கரையட்டும்" என்று கட்டைவிரலால் அழுத்தி உருவுவார்கள். பாசம்தான், ஆனால் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சூடும் உருவலும் கசிவைக் கூட்டும். அடி பலமாக இருந்தால் சிலருக்குத் தசைக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பித்துவிடும். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் இப்படி 117 தொடைக் காயங்களைக் கவனித்து 1991-இல் எழுதினார்கள். நூற்றுக்கு ஒன்பதில் எலும்பு வளர்ந்திருந்தது. இது எக்ஸ்ரேயில் தெரியவே மூன்று நான்கு வாரமாகும். முதல் வார எக்ஸ்ரேயைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம்.

காலை நீட்டி வைத்துப் படுப்பது அடுத்த தவறு. நீட்டிய நிலையிலேயே தசை இறுகிப்போகும். வலி பொறுக்கும் அளவுக்கு முழங்காலை மடக்கி, குதிகால் புட்டத்துக்குக் கிட்டே வரும்படி கிரேப் பேண்டேஜால் தொடையையும் காலையும் சேர்த்துக் கட்டுங்கள். முதல் நாள் அப்படியே இருக்கட்டும். துணியில் சுற்றிய ஐஸை இடையிடையே 15, 20 நிமிடம் வைக்கலாம். அன்றைக்கு மது கூடாது.

மூன்றாம் நாள் முழங்கால் பக்கம் நீலம் பூத்தால் பயப்படாதீர்கள், மேலே கட்டிய ரத்தம் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தொடை கல் மாதிரி இறுகி, மாத்திரைக்கும் வலி அடங்காமல், பாதம் மரத்துப்போனால் மட்டும் கட்டை அவிழ்த்துவிட்டு அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் தசை செத்துப்போகலாம்.

நீலம் மறைந்ததும் களத்தில் இறங்குவதும் தவறுதான். வெஸ்ட் பாயிண்டில் லேசான அடிக்கே சராசரியாக 13 நாளானது. குப்புறப் படுத்து இரண்டு காலையும் மடக்கிப் பாருங்கள். அடிபட்ட காலின் குதிகால் மற்றதைவிட நான்கு விரல்கடை தள்ளி நின்றால், அடுத்த ஞாயிறு மேட்சுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்.