வீச்சுவலை விரிவதை போட்டோக்களில் பிடித்து ஸ்டாப் மோஷன் செய்வது எப்படி?

வலை கையை விட்டுக் கிளம்பி வட்டமாக விரிந்து தண்ணீரைத் தொடுவதெல்லாம் கண் சிமிட்டும் நேரம். நொடிக்கு 10 போட்டோ எடுத்துக் கோத்தால் தெறிக்கும் துளிகூடத் தனியாகத் தெரியும். எனக்கு வீடியோவைவிட இதுதான் பிடிக்கும்.

முதலில் இடம். ஆனி, ஆடியில் தென்கடல் கொந்தளிக்கும்போது தனுஷ்கோடி போகும் வழியில் பெண்கடல் எனப்படும் பாக் நீரிணைப் பக்கம் பாருங்கள், அடங்கிக் கிடக்கும். ஆழமில்லாத இடத்தில் நின்று வீசுகிறவரிடம், "அண்ணே, நீங்க வலை வீசுறதைப் படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, வெயில் உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். ட்ரைபாட் கால்களைக் காய்ந்த மணலில் அழுத்திப் புதைக்கவும். அலை தொடும் மணலில் வைத்தால் படத்துக்குப் படம் தொடுவானம் சாயும்.

மேனுவல் மோட், ஒயிட் பேலன்ஸ் வெயில் குறி. ஃபோகஸை அவர் மேல் ஒருமுறை வைத்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம் இனிதான். எல்லாவற்றையும் மேனுவலில் பூட்டிய பிறகும், ஓடவிட்டுப் பார்த்தால் வெளிச்சம் துடிக்கும். காரணம் அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை. பல கேமராக்களில் ஒவ்வொரு கிளிக்கிற்கும் லென்ஸுக்குள் இருக்கும் இதழ்கள் மூடித் திறக்கும்; ஒவ்வொரு முறையும் மிகச் சரியாக அதே அளவில் நிற்பதில்லை. தனிப் படத்தில் தெரியாத அந்த வித்தியாசம் வரிசையாக ஓடும்போது கண்ணைக் குத்தும். வழி எளிது: லென்ஸை முழுதாகத் திறந்து வையுங்கள், இதழ்கள் அசையவே அசையாது. உங்கள் லென்ஸ் எஃப்/4 என்றால், நல்ல வெயிலுக்கு ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/1600 சரியாக இருக்கும்.

ஜேபெக் போதும். ரா (சுருக்கப்படாத பெரிய கோப்பு) எடுத்தால் பல கேமராக்களில் பஃபர் என்ற தற்காலிக நினைவகம் சீக்கிரம் நிரம்பி, வலை விரியும் நேரத்தில் வேகம் குறைந்துவிடும். எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம். பெரும்பாலான கேமராக்களில் வலையின் வட்டம் கோணிப்போகும். மெக்கானிக்கல்தான் என் தேர்வு. அவர் உடம்பைத் திருப்பத் தொடங்கும்போதே பட்டனை அழுத்திப் பிடித்துத் தொடர்ந்து எடுங்கள்.

கோப்பதற்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். டைம்லைன் நொடிக்கு 24 பிரேம், படவரிசை நொடிக்கு 12 படம் என வைத்தால் ஒவ்வொரு படமும் இரண்டு பிரேம் நிற்கும். வலை முழு வட்டமாகும் படத்தை மட்டும் அரை நொடி நிறுத்துங்கள், அழகே அதில்தான். ஆப்டிகல் ஃப்ளோ (இரு படங்களுக்கு நடுவே புதுப் படம் உண்டாக்கும் வசதி) போட்டு வழவழப்பாக்காதீர்கள். இல்லாத கண்ணிகளை அது தானாக வரைந்துவிடும்.

பின்சேர்க்கை: ரிசால்வில் ஏற்றும்போது படவரிசை இரண்டாக உடைகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். கேமராவின் எண் 9999 முடிந்து 0001-க்குத் திரும்பியிருக்கும். எல்லாப் படங்களையும் எடுத்த நேரப்படி அடுக்கி, பெயரை வரிசையாக மாற்றிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

மொபைலில் எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். எடுக்கலாம். திரையில் அவர் மேல் விரலை அழுத்திப் பிடித்து, ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொண்ட பிறகு பர்ஸ்ட் (தொடர்ந்து பல படம்) எடுங்கள்.