சின்ன விமானம் வாங்கிப் பறக்க ஆசையா? முதலில் இந்தத் தவறுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலமான 61 நாளும் காசிமேட்டில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. துறைமுகம் முழுக்கச் சுத்தியல் சத்தமும் பெயின்ட் வாசனையுமாக இருக்கும். எஞ்சினைப் பிரித்துப் போட்டு வேலை பார்ப்பார்கள். நான் வளர்ந்தது அந்தச் சத்தத்தில்தான். தனியார் விமானி உரிமம் வாங்கிய பிறகு, என்னிடம் இருக்கும் நல்ல பழக்கங்களில் பாதி பயிற்சிப் பள்ளியில் வந்ததல்ல, படகுத்துறையில் வந்தது என்று புரிந்தது.

வடசென்னைக்காரனுக்கு விமானம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் 1910-லேயே இந்த ஊரில் விமானம் கட்டிப் பறந்து காட்டினார். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் ஒன்று இருந்தது. பிற்காலத்தில் கார், பைக் பந்தயம் நடந்ததே, அதே இடம்தான். ஆசை நம் பக்கத்துக்குப் புதிதில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் டாக்டரிடம் போவதுதான் முதல் தவறு. தனியார் விமானி உரிமத்துக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் அதை வாங்க முடியும். நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை இருப்பது பலருக்கு அந்த நாற்காலியில் உட்காரும்போதுதான் தெரியவருகிறது. அதற்குள் நகையை அடகு வைத்து முதல் தவணை கட்டியிருப்பார்கள். முதலில் மருத்துவம், பிறகு பணம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அடுத்தது, எந்த உரிமம் என்று தெரியாமல் சேர்வது. சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டுமானால் வணிக உரிமம்: 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். நம் ஆசைக்குப் பறக்கத் தனியார் உரிமம் போதும்: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 17 வயது, குறைந்தது 40 மணி நேரப் பறத்தல். அதில் 150 கடல் மைலுக்குக் குறையாத தனிப் பயணம் ஒன்று இருக்க வேண்டும். 40 என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். எல்லாருக்கும் அதற்குள் முடியும் என்று கணக்குப் போடாதீர்கள். சிறிய விமானத்துக்கே ஒரு மணி நேரம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். வாரம் இரண்டு முறை பறந்தால்தான் கை நினைவில் வைத்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒரு முறை போனால், போன முறை கற்றதை மறுபடி கற்பதற்கே காசு போகும். பணத்தை மொத்தமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. தனியார் உரிமத்தை வைத்துக்கொண்டு காசு வாங்கி யாரையும் ஏற்றக் கூடாது. 'சும்மா பெட்ரோலுக்குத்தானே' என்று நண்பர்கள் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

சரி, உரிமம் வந்துவிட்டது. சொந்தமாக விமானம் வாங்கலாம் என்று தோன்றும். நிறையப் பேர் கவிழ்வது இங்கேதான்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பழைய இரண்டு இருக்கை விமானம் ஒன்றைப் பார்க்கப் போனோம். பெயின்ட் பளபளவென்று இருந்தது. எஞ்சின் மொத்தமே 600 மணி நேரம்தான் ஓடியிருந்தது. அதில் இருந்தது லைகமிங் என்ற நிறுவனத்தின் எஞ்சின். அந்த எஞ்சின்களை 2,000 மணி நேரத்துக்குக் கிட்ட வரும்போதுதான் முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பார்கள். அப்படியானால் இன்னும் எவ்வளவோ மிச்சம் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். விற்றவர், "ரெண்டு வருஷமா பறக்கல, ஆனா மாசம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கோம்" என்றார். ஊருக்கு வந்து மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வலையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "ரெண்டு மாசம் ஓடாத எஞ்சினையே பிரிச்சுப் பாக்காம நான் கடலுக்கு எடுத்துனு போவ மாட்டேன். நீ ரெண்டு வருஷம் நின்னத வானத்துக்கு எடுத்துனு போறேங்கற" என்றார்.

அந்த ஒரு பேச்சுக்காக, ஒரு பராமரிப்புப் பொறியாளரைக் கூலி கொடுத்து அழைத்துப்போனோம். ஒரு சிலிண்டரைக் கழற்றச் சொன்னோம். எஞ்சின் வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் முழுக்கத் துரு. இந்த வகை எஞ்சினில் அது மேல்பக்கம் இருக்கிறது. எஞ்சின் சும்மா நின்றால் எண்ணெய் கீழே வடிந்துவிடும், மேலே இருப்பது காய்ந்து துருப்பிடிக்கும். மாதம் ஒரு தடவை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்வது அதைக் காப்பாற்றாது, இன்னும் கெடுக்கும். எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. எண்ணெய் நன்றாகச் சூடாகிச் சிறிது நேரம் அப்படியே ஓடினால்தான் அந்த ஈரம் வெளியேறும். தரையில் சும்மா ஓட்டி நிறுத்தினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அந்த விமானத்தை நாங்கள் வாங்கவில்லை. பொறியாளருக்குக் கொடுத்த கூலிதான் நாங்கள் இதுவரை செய்ததிலேயே நல்ல செலவு.

குறைவான மணி நேரம் என்றால் நல்ல எஞ்சின் என்று நினைப்பது பெரிய தவறு. மணிக் கணக்கோடு சேர்த்து 12 ஆண்டு என்று ஆண்டுக் கணக்கும் லைகமிங் சொல்லியிருக்கிறது. அடிக்கடி பறந்து 1,500 மணி நேரம் ஆன எஞ்சினா, பத்து வருடத்தில் 300 மணி நேரம் ஓடிய எஞ்சினா என்று கேட்டால் நான் முதலாவதைத்தான் பார்க்கப் போவேன்.

அப்புறம் உப்பு. நம் வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை வருடம் தாங்குகிறது என்று நமக்குத் தெரியும். விமானத்தின் உடல் அலுமினியம். அதில் துரு சிவப்பாக வராது. பெயின்ட் கொப்புளம் போல உப்பும், சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிரும். கடலோர ஊரில் நிற்கும் விமானத்தை நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டுவிட்டு, மேலே மட்டும் துடைத்துப் பாலிஷ் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். இறக்கையின் கீல், தரையில் இருந்து பார்த்தால் தெரியாத அடிப்பகுதி, பேட்டரிக்குப் பக்கம், இங்கெல்லாம் கையை விட்டுப் பாருங்கள்.

விமானத்தின் விலையை மட்டும் பார்த்துவிட்டு வாங்குவதும் கூடாது. பதிவுச் சான்று, பறக்கத் தகுதிச் சான்று, அதன் மறு ஆய்வு, காப்பீடு, 50 மணி, 100 மணி, ஆண்டுப் பரிசோதனைகள் என்று எல்லாவற்றுக்கும் வேளை உண்டு, செலவு உண்டு. நிறுத்த இடமும் வேண்டும். மீனம்பாக்கத்தில் பெரிய விமானங்களுக்கு நடுவே நம் சின்ன விமானத்துக்கு வசதி கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். நாங்கள் பறப்பது வெளியூரில்தான். பிறகு வேறொரு விமானம் வாங்கியபோது, இடத்தை எழுத்தில் உறுதி செய்த பிறகே பணம் கொடுத்தோம்.

எரிபொருளும் அப்படித்தான். செஸ்னா 152, 172 போன்றவை குடிப்பது அவ்காஸ் 100எல்எல் என்ற நீல நிறப் பெட்ரோல். 2022 வரை இது வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் இந்தியன் ஆயில் உள்நாட்டுத் தயாரிப்பை அறிமுகப்படுத்தியது. ஆனாலும் எல்லா ஊரிலும் கிடைக்காது. போகும் இடத்தில் இருக்கிறதா என்று கேட்காமல் கிளம்பினால் அங்கேயே உட்கார வேண்டியதுதான். இலகு ரக விமானம் வைத்திருப்பவர்கள் பங்க்கில் கேன் பிடித்து ஊற்றும் பழக்கத்தையும் இப்போது யோசிக்க வேண்டும். பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்த விமானங்களில் அதிகம் இருக்கும் ராட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கு அதன் தயாரிப்பாளர் 10 சதவீதம் வரைதான் ஒப்புக்கொண்டிருக்கிறார். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், ரப்பர் குழாய்களை ஊற வைக்கும். பைக் ஓடுகிறதே என்று பார்க்காதீர்கள். பைக் நின்றால் ஓரம் கட்டலாம்.

நான்கு இருக்கை இருந்தால் நான்கு பேர் போகலாம் என்று நினைப்பது, குடும்பத்தோடு முதல் முறை பறக்கும் எல்லாரும் செய்யும் தவறு. செஸ்னா 172-இல் டேங்கை நிரப்பினால் ஆட்களுக்கும் பைகளுக்குமாகச் சேர்த்துச் சுமார் 250 கிலோதான் மிஞ்சும். எண்பது கிலோ ஆள் மூன்று பேர், அவ்வளவுதான். நான்காவது ஆள் வேண்டுமென்றால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். அத்தையிடம் எடை கேட்கக் கூச்சமாக இருக்கும்தான். நான் தராசு கொண்டுபோய் எல்லாரையும் ஏற்றி நிறுத்தி எழுதிக்கொள்கிறேன்.

இதோடு வெயிலைச் சேர்த்துப் பாருங்கள். சூடான காற்று லேசான காற்று. இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் எஞ்சினுக்கும் பிடிப்புக் குறையும். கடல் மட்டத்திலேயே 40 டிகிரி வெயில் அடித்தால், உங்கள் விமானம் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். ஜனவரியில் சீக்கிரம் எழும்பிய ஓடுதளம் மே மாதம் நீண்டுகொண்டே போவதுபோல இருக்கும். மதியம் கடற்காற்று உள்ளே வரும்போது காற்றின் திசையும் மாறும்; காலையில் நேராக முகத்துக்கு வந்தது பக்கவாட்டில் அடிக்கும். கோடையில் விடிந்ததும் பறந்து, பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

இந்த ஊர்ப் புழுக்கத்தில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்கும். வெளியே 30 டிகிரி, வியர்த்து வழிகிறது, இதில் எங்கே ஐஸ் என்றுதான் நானும் கேட்டேன். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்றழுத்தம் குறைகிறது, பெட்ரோல் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து அங்கே வெப்பத்தை இருபது டிகிரிக்கும் மேல் இறக்கிவிடும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது உறைந்து வழியை அடைக்கும். இறங்கும்போது சக்தியைக் குறைத்தால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். அறிகுறி, எஞ்சின் சுற்று மெல்ல மெல்லக் குறைவது. கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் 'கார்புரேட்டர் ஹீட்' லீவரை இழுத்தால் சரியாகும். ஆனால் இழுத்ததும் உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போய் அது தடதடவென்று இருமும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து லீவரைத் திரும்ப உள்ளே தள்ளுவதுதான் உயிரை எடுக்கும் தவறு. அது இருமி முடிக்கட்டும். லீவரில் கையை வைக்காதீர்கள்.

பறக்கும் முன் சோதனையில் அவசரம் வேண்டாம். டேங்கின் அடியில் கொஞ்சம் எரிபொருளைக் குப்பியில் பிடித்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது, அளவைக் கருவியை நம்பாமல் குச்சி விட்டுப் பார்ப்பது, இவை எல்லாருக்கும் தெரியும். குளவியை மறந்துவிடுகிறார்கள். வேகமானிக்குக் காற்று கொண்டுபோகும் பிட்டோ குழாய்க்கு மூடி போடாமல் விட்டால் குளவி மண்ணடைத்துக் கூடு கட்டிவிடும். ஓடுதளத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள், முள் பூஜ்யத்தில் நிற்கும்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே செய்த தவறு அது. வேலை முடித்து ராத்திரி சென்ட்ரலில் ரயில் ஏறி, உட்கார்ந்தபடியே விடியவிட்டு, இறங்கியதும் நேராகப் பறக்கப் போனேன். தரையிறங்கும்போது ஃபிளாப் (மெதுவாக இறங்க இறக்கையின் பின்பக்கம் கீழே இறக்கும் தகடு) போட மறந்தேன், கட்டுப்பாட்டு அறை இரண்டு முறை கூப்பிட்டது காதில் விழவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து ஒரு நாள் முன்னாலேயே போய் அறை எடுத்துத் தூங்குகிறேன். டிக்கெட்டோடு அந்த அறை வாடகையையும் பறக்கும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வானிலை. எங்கள் ஆட்கள் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் எத்தனாம் எண் என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். நான்கு நாளாக வருமானம் இல்லாவிட்டாலும் கரையிலேயே இருப்பார்கள். கையில் செல்போன் நிறைய வானிலைத் தகவல் வைத்திருக்கும் விமானிக்கு அந்தப் பொறுமை வருவதில்லை. கண் பார்வையில் பறப்பவருக்குத் தாழ்ந்த உயரத்தில் ஐந்து கிலோமீட்டர் தெரிய வேண்டும், மேகத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். போகிப் புகையில் மீனம்பாக்கத்தில் பெரிய விமானங்களே காத்துக் கிடக்கின்றன. 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத இருபது பேரைப் போலி மேகத்துக்குள் பறக்க விட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 178 விநாடியில் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. மூன்று நிமிடம்கூட இல்லை. திறமை இல்லாததால் அல்ல. வெளியே எதுவும் தெரியாதபோது காதுக்குள் இருக்கும் சமநிலை உணர்வு பொய் சொல்கிறது, உடம்பு அதை நம்பிவிடுகிறது.

போன ஐப்பசியில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். மறுநாள் நண்பனுக்கு ஆபீஸ். முன்னால் வடகிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. "இன்னும் இருபது நிமிஷம்தான்டா" என்றான். வழியில் இருந்த ஓர் ஓடுதளத்தைக் கூப்பிட்டு அனுமதி வாங்கி இறங்கினோம். இரண்டு இறக்கைக்கும் வாலுக்கும் கயிறு போட்டு, மாமா படகுக்குப் போடும் முடிச்சையே போட்டேன். மழை பிடித்துக்கொண்டது. பேருந்து நிலையம் வரை நனைந்துகொண்டே நடந்து, நள்ளிரவுக்கு மேல் வண்டி பிடித்து, விடியற்காலை திருவொற்றியூரில் அவனை இறக்கிவிட்டேன். விமானத்தை எடுக்க எட்டு நாள் கழித்துத்தான் போக முடிந்தது. கயிறு அப்படியே இருந்தது.