லுவாவுக்கு ஒரு நிகழ்வுச் சுழல்: லினக்ஸில் எபோலை வைத்து நாமே எழுதுவது எப்படி

எங்கள் வீட்டு ராஸ்பெரி பை 4இல் ஒரு லுவா நிரல் ஓடுகிறது. மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைச் சொல்லும் உணரி சீரியல் கம்பி வழியாகப் பேசும். வீட்டாரின் கைபேசிகள் சாக்கெட் வழியாக நிலவரம் கேட்கும். மோட்டார் போட்டு இருபது நிமிடமானால் அது தானாக நிற்க வேண்டும். நான் முதலில் எழுதிய நிரலோ, உணரியிடமிருந்து அடுத்த வரி வரும்வரை சிலைபோல நின்றது. உணரி பேசவில்லை, நிரல் நகரவில்லை, தொட்டி வழிந்தது.

இதற்கு மருந்து நிகழ்வுச் சுழல்: பல இடங்களில் ஒரே நேரத்தில் காத்திருந்து, எங்கே ஏதாவது நடக்கிறதோ அதற்குரிய வேலையை ஓட்டும் சுழல். லுவாவில் அது கிடையாது, அது தற்செயலும் அல்ல. 1993இல் ரியோ டி ஜெனீரோவில் உருவான இந்த மொழி, தர வரையறைக்குள் அடங்கும் சி மொழியைத் தவிர வேறெதையும் நம்புவதில்லை. அந்த வரையறையில் சாக்கெட்டும் இல்லை, பல வாசல்களில் ஒரே நேரத்தில் காத்திருக்கும் வசதியும் இல்லை. ஆகவே இயங்குதளத்தோடு பேசும் பகுதியை நாம்தான் சி மொழியில் எழுதி, இன்டர்பிரெட்டரோடு ஒட்ட வேண்டும்.

"பல இயங்குதளங்களில் ஓடும் நிகழ்வுச் சுழல் நூலகமான லிப்யுவி இருக்கிறதே?" என்பீர்கள். விண்டோஸிலும் ஓட வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள். லினக்ஸ் மட்டும் போதுமென்றால் சில நூறு வரிகளில் வேலை முடிந்துவிடும். உள்ளே நடப்பதும் புரியும்.

சி மொழியும் லுவாவின் சி இடைமுகமும் ஓரளவு பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். பதிப்பு லுவா 5.4. செயற்கூறுகளின் பெயர்களை ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன். கையேட்டில் தேடினால் உடனே அகப்படும்.

படி 1: எபோல்

பல வாசல்களில் ஒரே நேரத்தில் காத்திருக்க லினக்ஸ் கர்னல் தரும் வசதிதான் எபோல். எபோல்_கிரியேட்1 ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டரை, அதாவது திறந்த ஒன்றைக் குறிக்கக் கர்னல் கொடுக்கும் எண்ணைத் தரும். எபோல்_சிடிஎல் மூலம் "இந்த வாசலைக் கவனி" என்று கர்னலிடம் பதிவு செய்கிறோம். எபோல்_வெயிட் ஏதாவது ஒரு வாசலில் ஆள் வரும்வரை தூங்கும். அவ்வளவுதான்.

கவனிக்கும் ஒவ்வொரு டிஸ்கிரிப்டரையும் நான்பிளாக்கிங் நிலைக்கு, அதாவது தரவு இல்லையென்றால் காத்திராமல் உடனே திரும்பும் நிலைக்கு, மாற்றிவிடுங்கள். விளிம்புத் தூண்டல், மட்டத் தூண்டல் என்று இரண்டு முறைகள் உண்டு. விளிம்பு முறை வேகமானது என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு மட்ட முறையையே வையுங்கள். விளிம்பு முறையில், ஈஅகெய்ன் (இப்போதைக்குத் தரவு இல்லை என்ற பிழை) வரும்வரை படித்துத் தீர்க்க மறந்தால் மீதித் தரவைப் பற்றிக் கர்னல் மறுபடி நினைவூட்டாது. மட்ட முறை நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

படி 2: பயனரின் நிரலைக் கோருட்டீனுக்குள் ஓட்டுதல்

பாதியில் ஒதுங்கி, பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடரக்கூடிய செயற்கூறுதான் கோருட்டீன். நமக்கு வேண்டியது இது: லுவா நிரலில் 'படி' என்று எழுதினால், தரவு இல்லாதபோது அந்தக் கோருட்டீன் மட்டும் ஒதுங்க வேண்டும், மற்றவை ஓட வேண்டும். நம் சி செயற்கூறு முதலில் படித்துப் பார்க்கும். ஈஅகெய்ன் வந்தால் எபோலில் பதிவு செய்துவிட்டு லுவா_யீல்ட்கே என்று வெளியேறும். 'கே' இல்லாத லுவா_யீல்ட்டும் உண்டு. ஆனால் கோருட்டீன் எழுப்பப்பட்டதும் அது நம் செயற்கூறுக்குத் திரும்பாது. அதை அழைத்த லுவா வரிக்கே போய்விடும். 'கே' உள்ளதில் ஒரு தொடர்ச்சிச் செயற்கூறைக் கொடுக்கலாம். எழுந்ததும் அது மறுபடி படித்துப் பார்க்கும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

முதன்மை நிரலையும் ஒரு கோருட்டீனுக்குள்தான் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் 'படி'யிலேயே, கோருட்டீனுக்கு வெளியிலிருந்து ஒதுங்க முடியாது என்ற பிழை வரும்.

சுழலின் எலும்புக்கூடு:

    காத்திருக்கும் கோருட்டீன் ஒன்றாவது உள்ளவரை:
        மீதி = அடுத்த டைமருக்கு உள்ள நேரம் (டைமர் இல்லையெனில் −1)
        எண்ணிக்கை = எபோல்_வெயிட்(மீதி)
        வந்த ஒவ்வொரு நிகழ்வுக்கும்:
            உரிய கோருட்டீனை ஓடவேண்டியோர் வரிசையில் சேர்
        நேரம் கடந்த டைமர்களின் கோருட்டீன்களையும் சேர்
        வரிசையில் உள்ள ஒவ்வொன்றையும் லுவா_ரெஸ்யூம் செய்

காத்திருப்பதையும் ஓட்டுவதையும் இப்படித் தனித்தனியே வைப்பது டிக்கிள் மொழியிடம் நான் கற்றது. அதன் நோட்டிஃபையர் நிகழ்வுகளை வரிசையில் போடுவதோடு நின்றுவிடும். கையாளும் வேலை வேறிடத்தில் நடக்கும். டிக்கிளில் அந்த நோட்டிஃபையரை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டவும் முடியும்.

5.4இல் லுவா_ரெஸ்யூம் நான்காவதாக ஒரு சுட்டியைக் கேட்கும். கோருட்டீன் ஒதுங்கும்போது எத்தனை மதிப்புகளை அடுக்கில் விட்டுச் சென்றது என்பதை அதில் எழுதும். மறுபடி எழுப்புவதற்குமுன் அவற்றை அகற்றுவது உங்கள் பொறுப்பு. 5.3க்காக எழுதப்பட்ட எடுத்துக்காட்டுகளை நகலெடுத்தால் இந்த இடத்தில் தொகுப்பியே நிறுத்திவிடும், நல்லவேளை.

படி 3: என் இரண்டு வார இறுதிகளைத் தின்ற படி

எபோலில் பதிவு செய்யும்போது ஒரு சுட்டியையும் உடன் கொடுத்து வைக்கலாம்; நிகழ்வு வரும்போது கர்னல் அதை அப்படியே திருப்பித் தரும். கோருட்டீனின் சுட்டியையே கொடுத்துவிட்டேன். இரண்டு கைபேசிகளை வைத்துச் சோதித்தேன். அருமையாக ஓடியது.

பிறகு நிரலைத் "துப்புரவு" செய்தேன். லுவா_நியூத்ரெட் புதிய கோருட்டீனை முதன்மை அடுக்கின்மேல் வைக்கும் என்பதும், நான் அதை எடுக்காமலே விட்டு வந்தேன் என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. லுவா உறுதியளிப்பது 20 இடங்கள் மட்டுமே. இணைப்புகள் கூடினால் அடுக்கு வழியும். ஆகவே உருவாக்கியதும் அடுக்கிலிருந்து எடுத்துவிடும் ஒரு வரியைச் சேர்த்தேன். சரியான வரிதான். அன்றிரவிலிருந்து நிரல் சாகத் தொடங்கியது. ஒருநாள் பத்து நிமிடத்தில், ஒருநாள் ஆறு மணி நேரத்தில், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில்.

நடந்தது இதுதான். அதுவரை என் கோருட்டீன்களைக் காப்பாற்றி வந்தது அந்த அடுக்கு. அதிலிருந்து எடுத்ததும், தூங்கும் கோருட்டீனைச் சுட்டுவது எபோலிடம் கொடுத்த சுட்டி மட்டும் என்றாகிவிட்டது. கர்னலின் சட்டைப்பைக்குள் லுவாவின் குப்பை சேகரிப்பான் கைவிட்டுப் பார்க்காது. யாருக்கும் வேண்டாத பொருள் என்று முடிவுகட்டி நினைவகத்தை விடுவித்துவிடும். பிறகு தரவு வரும்; கர்னல் சுட்டியைத் தரும்; நாம் ஒரு பிணத்தை எழுப்ப முயல்வோம். ஓடிக்கொண்டிருக்கும் கோருட்டீனைச் சேகரிப்பான் விட்டுவைக்கும், தூங்குவதை அல்ல. அதனால்தான் சின்னச் சோதனைகளில் சிக்கவில்லை.

தீர்வு ஒரே வரி: உருவாக்கியதும் லுவாஎல்_ரெஃப் மூலம் லுவாவின் ரெஜிஸ்ட்ரியில் கட்டிப்போடுங்கள். அது அடுக்கிலிருந்தும் எடுத்துவிடும், ஓர் எண்ணையும் தரும். கோருட்டீன் முடிந்தாலோ பிழையில் விழுந்தாலோ அந்த எண்ணை லுவாஎல்_அன்ரெஃப்பிடம் கொடுத்து அவிழ்த்துவிடுங்கள். முடியும் வழியில் அவிழ்த்துவிட்டுப் பிழை வழியில் மறந்தேன். நிரல் சாவது நின்று வீங்கத் தொடங்கியது.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியவை இரண்டு. ஒன்று, விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் உடனே காட்டிக்கொடுக்கும், தொகுப்பியின் அட்ரஸ் சானிடைசர். லுவாவின் மூலத்தையும் அதோடு சேர்த்தே தொகுக்க வேண்டும். வால்கிரைண்டும் இதைச் செய்யும், ஆனால் ராஸ்பெரி பையில் அது ஓடி முடிவதற்குள் தொட்டியே காலியாகிவிடும். இரண்டாவது, சோதனைத் தொகுப்பில் சுழலின் ஒவ்வொரு சுற்றிலும் முழுக் குப்பை சேகரிப்பை வலிந்து நடத்துவது. ஆறு மணி நேரம் ஒளிந்திருந்த பிழை இரண்டாவது சுற்றிலேயே வெளிவந்தது.

படி 4: செத்தவருக்கு வந்த கடிதம்

எபோல்_வெயிட் ஒரே தடவையில் பல நிகழ்வுகளைத் தரும். முதல் நிகழ்வைக் கையாளும் கோருட்டீன், மூன்றாவது நிகழ்வுக்குரிய இணைப்பை மூடிவிட்டால்? மூன்றாவது நம் கைப்பட்டியலில் அப்படியே இருக்கும். அதற்குள் புதிய இணைப்பு ஒன்று வந்தால், காலியாக உள்ளவற்றில் மிகச் சிறிய எண்ணையே கர்னல் தரும் என்பதால், பழைய எண்ணே அதற்குக் கிடைக்கவும் கூடும். ஆகவே டிஸ்கிரிப்டர் எண்ணை மட்டும் நம்ப முடியாது.

எபோலின் தரவுப் புலம் 64 பிட் அகலம் கொண்டது. அதில் சுட்டிக்குப் பதிலாக, கீழ் 32 பிட்டில் டிஸ்கிரிப்டர் எண், மேல் 32 பிட்டில் தலைமுறை எண் என்று வைத்தேன். ஒவ்வொரு முறை மூடும்போதும் அந்த எண்ணுக்குரிய தலைமுறை ஒன்று கூடும். வந்த நிகழ்வின் தலைமுறை பொருந்தவில்லையென்றால் தூக்கிப் போட்டுவிடலாம்.

மூடுவதற்குமுன் எபோலிலிருந்து நீக்கும் அழைப்பையும் வெளிப்படையாகச் செய்யுங்கள். மூடினால் தானாக நீங்கிவிடும் என்பது பாதி உண்மைதான். பிள்ளைச் செயல்முறை ஒன்று அதே திறப்பை வைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் மூடிய பிறகும் நிகழ்வுகள் வரும்.

படி 5: டைமர்

மிகச் சிறியதை எப்போதும் உச்சியில் வைக்கும் ஒரு குறுங்குவியலில் டைமர்களை வைத்து, மிக அருகிலுள்ளதன் மீதி நேரத்தை எபோல்_வெயிட்டிடம் கொடுத்தால் போதும். கடிகாரம் மட்டும் ஒற்றைத்திசைக் கடிகாரமாக, அதாவது கிளாக்_மோனோடானிக் ஆக இருக்கட்டும். ராஸ்பெரி பை 4இல் மின்தடையின்போதும் நேரத்தை நினைவில் வைக்கும் கடிகாரம் இல்லை. மின்சாரம் வந்து, பிணையத்திலிருந்து நேரம் கிடைத்ததும் சுவர்க்கடிகார நேரம் சட்டென்று முன்னே தாவும். இருபது நிமிட டைமர் அதோடு சேர்ந்து தாவக்கூடாது.

எபோல்_வெயிட் மில்லிநொடிக் கணக்கில் பேசும். மீதி 0.4 மில்லிநொடி என்றால், முழு எண் வகுத்தல் 0 என்று சொல்லும். 0 என்றால் காத்திராதே என்று பொருள். டைமர் வேளை வரும்வரை சுழல் வெறுமனே பம்பரம் சுற்றும். மேல்நோக்கி முழுமையாக்குங்கள். நிரல் கர்னலிடம் செய்யும் அழைப்புகளைப் பட்டியலிடும் எஸ்ட்ரேஸ் வைத்துப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. டைமருக்குமுன் ஒரே அழைப்பு பக்கம் பக்கமாக ஓடியது. 64 பிட் ஆர்ம் கணினியில் அந்தப் பட்டியலில் எபோல்_வெயிட் என்று தேடாதீர்கள். அங்கே அது எபோல்_பிவெயிட் என்றே தெரியும்.

பிற்சேர்க்கை 1

வாசகர் ஒருவர், முனையத்தில் ஓடும் நிரல், லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சேவையாக ஓடும்போது "அனுமதி இல்லை" என்று செத்துவிடுகிறது, ரூட்டாக ஓட்டியும் பயனில்லை என்று எழுதினார். பிழையின் பெயர்தான் குழப்புகிறது. ஈபெர்ம் இங்கே உரிமைப் பிரச்சினை அல்ல. "இந்த வகைக் கோப்பை எபோலால் கவனிக்க முடியாது" என்று பொருள். சிஸ்டம்டி தன் சேவைகளின் நிலை உள்ளீட்டை (ஸ்டாண்டர்ட் இன்புட்) இயல்பாகவே வெற்றுச் சாதனமான நல் சாதனத்தோடு (/dev/null) இணைத்துவிடும். எபோல் அதை ஏற்காது. வட்டில் உள்ள சாதாரணக் கோப்புகளையும் ஏற்காது. ஈபெர்ம் வந்தால் அந்த டிஸ்கிரிப்டரை "எப்போதும் தயார்" என்று குறித்துக்கொண்டு, எபோலிடம் போகாமல் நேரே ஓடவேண்டியோர் வரிசையில் சேர்த்துவிடுங்கள். வரிசையில் இப்படி ஒருவர் இருக்கும் சுற்றில் எபோல்_வெயிட்டுக்கு 0 கொடுக்க வேண்டும்.

நிலை உள்ளீட்டைப் பற்றி இன்னொன்று. அதை நான்பிளாக்கிங் ஆக்கினால் அந்த மாற்றம் உங்கள் நிரலோடு நிற்காது. அதே முனையத் திறப்பைப் பகிரும் ஷெல்லுக்கும் பிற நிரல்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். வெளியேறும்போது பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

பிற்சேர்க்கை 2

"சி அழைப்பின் எல்லையைத் தாண்டி ஒதுங்க முடியாது" என்ற பிழை பற்றி மூவர் கேட்டுவிட்டார்கள். வரிசைப்படுத்தும் டேபிள்.சார்ட்டுக்குக் கொடுத்த ஒப்பீட்டுச் செயற்கூறுக்குள்ளும், ஜிசப்புக்குக் கொடுத்த செயற்கூறுக்குள்ளும் 'படி', 'தூங்கு' போன்றவற்றை அழைக்க முடியாது. பிகாலுக்குள் அழைக்கலாம். மூவரில் இருவரின் சிக்கல் வேறிடத்தில் இருந்தது: ரிக்வயர் மூலம் ஏற்றப்படும் கோப்பின் மேல்மட்டத்திலேயே 'தூங்கு' என்று எழுதியிருந்தார்கள். ரிக்வயரும் ஒதுங்க விடாது. அந்த வரியை ஒரு 'தொடங்கு' செயற்கூறுக்குள் தள்ளி, ஏற்றி முடித்தபின் முதன்மை நிரலிலிருந்து அழையுங்கள்.

பிற்சேர்க்கை 3

மேக்கில் ஓட்ட முடியுமா என்று கேட்டவருக்கு: எபோல் லினக்ஸுக்கு மட்டுமே உரியது. மேக்கில் அதே வேலையைச் செய்ய, 2000இல் ஃப்ரீபிஎஸ்டி 4.1இல் அறிமுகமான கேக்யூ இருக்கிறது. சேர், நீக்கு, காத்திரு என்ற மூன்று செயற்கூறுகளுக்குப் பின்னால் எபோலை ஒளித்து வைத்திருந்தால், அந்த மூன்றை மட்டும் திருத்தினால் போதும். கேக்யூ சாதாரணக் கோப்புகளையும் ஏற்கும் என்பதால், முதல் பிற்சேர்க்கையில் சொன்ன ஈபெர்ம் ஒட்டுவேலை சாதாரணக் கோப்புகளுக்கு அங்கே தேவைப்படாது.