ஆர்.சி. கார்: சர்வோவிலும் ஃபெயில்சேஃபிலும் சொதப்பாமல் இருக்க

போன பங்குனியில் அரியமான் கடற்கரையில் என் ஆர்.சி. கார், அதாவது ரிமோட் கார், முழு வேகத்தில் கடலைப் பார்த்து ஓடியது, ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன், வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரே சிரிப்பு. இத்தனைக்கும் அது ஃபெயில்சேஃப் வைத்த கார். சிக்னல் போனால் பிரேக் பிடிக்கும்படி காருக்குள் இருக்கும் ரிசீவரில் பதிந்திருந்தேன். இடையில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யை மாற்றியபோது த்ராட்டில் தலைகீழாக வேலை செய்தது. ரிமோட்டில் திசையை மாற்றிப்போடும் ரிவர்ஸ் சுவிட்சைத் தட்டிவிட்டு மறந்துவிட்டேன். ரிசீவருக்கு அது எப்படித் தெரியும்? பழைய பிரேக் அளவுதான் புது இ.எஸ்.சி.க்கு ஃபுல் த்ராட்டில்.

ரிவர்ஸ், ட்ரிம் (நடுநிலையைத் திருத்துவது), இ.எஸ்.சி. எதைத் தொட்டாலும் ஃபெயில்சேஃபைத் திரும்பப் பதியுங்கள். அப்புறம் காரை ஒரு டப்பா மேல் தூக்கி வைத்து, சக்கரத்தை லேசாகச் சுற்றவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும், அது இன்னும் மோசம். ஃபெயில்சேஃபில் மின்சாரக் காருக்கு நியூட்ரல் போதும், எரிபொருளில் ஓடும் நைட்ரோ என்றால் பிரேக் கட்டாயம்.

ஸ்டியரிங்கைத் திருப்பும் குட்டி மோட்டாரான சர்வோ விஷயத்தில் எல்லோரும் இழுவைக் கிலோவைத்தான் பார்க்கிறார்கள். பெட்டியில் 25 கிலோ என்றால் அது அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்துக்கு, அதுவும் பெரும்பாலும் 7.4 வோல்ட் மாதிரி அதிக வோல்ட்டில். ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் உங்கள் பி.இ.சி. 6 வோல்ட்தான் தருகிறது என்றால் அந்த இழுவை வராது. சரி, அது போகட்டும். தனுஷ்கோடி பொதிமணலில் முன்சக்கரம் புதைந்திருக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்புகிறீர்கள், சர்வோ அசைய முடியாமல் ஆம்பியரை இழுக்கிறது, சின்ன பி.இ.சி. தாங்காமல் வோல்ட் சரிகிறது, ரிசீவரே அணைந்துவிடுகிறது. ரிசீவர் செத்த பிறகு அதற்குள் இருக்கும் ஃபெயில்சேஃப் எப்படி வேலை செய்யும்? நைட்ரோ காரில் த்ராட்டில் சர்வோ இருந்த இடத்திலேயே நின்றுவிடும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். அதனால் முதலில் ஸ்டால் கரண்ட்டை, அதாவது சர்வோ அசைய முடியாதபோது இழுக்கும் ஆம்பியரைப் பாருங்கள், பெரிய சர்வோ வாங்கினால் தனி பி.இ.சி.யும் சேர்த்து வாங்குங்கள்.

சர்வோ அச்சில் மாட்டும் கையான ஹார்ன் வாங்கும்முன் பல் எண்ணிக்கையையும் பாருங்கள், 25 பல் அச்சில் 23 பல் ஹார்ன் உட்காராது.

வாட்டர்புரூஃப் என்ற ஸ்டிக்கரை நம் ஊர் உப்புக்காற்றில் அப்படியே நம்பிவிடாதீர்கள். தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கலாம், வெளியே இருக்கும் பேரிங்கும் திருகும் துருப்பிடிக்கத்தான் செய்யும். அன்று கடலிலிருந்து தூக்கிய காரை நல்ல தண்ணீரில் கழுவாமல் வைத்துவிட்டேன், நான்காம் நாள் ஹார்னைக் கையால் திருப்பினால் நறநறவென்றது.