எழுத்துக்கலை இதழ்கள்: முதல் சந்தா கட்டும் முன்

எழுதத் தொடங்கிய புதிதில், எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் மூன்று இதழ்களுக்கு ஒரே சமயத்தில் சந்தா கட்டினேன். கட்டுரைகளைப் படித்துக்கொண்டே இருந்தேன், என் கதை மட்டும் நகரவில்லை. புதிதாக எழுத வருகிறவர்களுக்கும் என்னைப் போல் ஓர் ஆண்டு வீணாகக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

1. உங்கள் சிக்கலை ஒரே வரியில் எழுதுங்கள்

'என் உரையாடல்களில் உயிர் இல்லை' என்றால் உங்களுக்கு வேண்டியது கலை, அதாவது எழுதும் நுட்பம். 'நாவலை முடித்துவிட்டேன், யாரிடம் கொடுப்பது?' என்றால் வேண்டியது தொழில் பக்கம், அதாவது வெளியிடுவது, உரிமை, சன்மானம் போன்றவை. முதல் வரைவையே முடிக்காதவர் தொழில் பக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

2. எந்த இதழ் யாருக்கானது என்று பாருங்கள்

பரவலாகக் கிடைப்பவை ஆங்கில இதழ்கள்தான். 1920-இல் தொடங்கிய 'ரைட்டர்ஸ் டைஜஸ்ட்' கலை, தொழில் இரண்டையும் தொடுகிறது. புதியவர்களுக்கு எளிது. கவிதையும் இலக்கியப் புனைவும் எழுதுகிறவர்களுக்கு 'போயட்ஸ் அண்ட் ரைட்டர்ஸ்' பொருந்தும். போட்டிகள், நிதியுதவிகளின் கடைசித் தேதிகளையும் அதில் பார்க்கலாம். 'மிஸ்லெக்ஸியா' எழுதும் பெண்களுக்கானது. அறிவியல் புனைவு, மிகுபுனைவு (ஃபேன்டஸி) என்றால் 1968 முதல் வரும் 'லோகஸ்'.

1858-இல் தொடங்கிய 'தி புக்செல்லர்', 1872-இல் தொடங்கிய 'பப்ளிஷர்ஸ் வீக்லி' இரண்டும் பதிப்பாளர்களும் புத்தக விற்பனையாளர்களும் படிப்பவை. எப்படி எழுதுவது என்று அவற்றில் தேடாதீர்கள்.

எந்த மொழியில் எழுதினாலும் கலை பற்றிய கட்டுரைகள் உதவும். சந்தைத் தகவல் அப்படியல்ல. அது அந்த இதழின் நாட்டுக்கும் மொழிக்கும் உரியது.

3. ஒரு பழைய இதழைச் சோதித்துப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். நூலகத்திலோ தெரிந்தவரிடமோ ஒரு பழைய இதழை வாங்கி, கலை பற்றிய ஒரு கட்டுரையைப் படியுங்கள். ஒரு பத்தியை எடுத்துக்காட்டி, அது ஏன் தளர்கிறது, எந்தச் சொல்லை மாற்றினால் நிமிர்கிறது என்று காட்டுகிறதா? அல்லது 'தினமும் எழுதுங்கள், மனம் தளராதீர்கள்' என்று ஊக்கம் மட்டும் தருகிறதா? படித்து முடித்ததும் இதழை மூடிவிட்டு, அதில் சொன்னதை உங்கள் கதையின் ஒரு பக்கத்தில் செய்து பாருங்கள். செய்ய எதுவும் பிடிபடவில்லை என்றால், அந்தக் கட்டுரை உங்களுக்கு உதவவில்லை. இப்படி மூன்று கட்டுரைகளைப் பார்த்தாலே இதழின் தரம் தெரிந்துவிடும்.

அப்புறம் தொழில் பற்றிய ஒரு கட்டுரை. எந்த உரிமையை விற்கிறோம், எத்தனை காலத்துக்கு, சன்மானம் படைப்பை ஏற்றதும் வருமா அச்சான பிறகா என்றெல்லாம் பேசுகிறதா? இவற்றைத் தெளிவாகச் சொல்லும் இதழை நம்பலாம். படைப்புகளை வரவேற்கும் இடங்களின் பட்டியல் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி அனுப்ப வேண்டாம். அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் தகவல் பழையதாகியிருக்கலாம். அந்தந்தப் பதிப்பகத்தின் விதிமுறைகளை நேரடியாகப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

4. விளம்பரங்களைத் தனியாகப் படியுங்கள்

எழுதுகிறவரிடமே பணம் கேட்கும் விளம்பரங்கள் இந்த இதழ்களில் வரும்: புத்தகம் போட்டுத் தருகிறோம், திருத்தித் தருகிறோம், போட்டிக்கு நுழைவுக் கட்டணம் இவ்வளவு என்று. விளம்பரம் வந்திருப்பதால் அது இதழின் பரிந்துரை ஆகிவிடாது. நுழைவுக் கட்டணம் வாங்கும் போட்டிகள் எல்லாமே ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. நடுவர் யார், சென்ற முறை வென்றது யார், கலந்துகொண்டாலே உரிமை பறிபோகிறதா என்று பார்த்து முடிவெடுங்கள்.

5. ஒன்றே ஒன்றுக்குச் சந்தா கட்டுங்கள்

சரி, தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். ஓர் ஆண்டுச் சந்தா போதும். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் வசதி இருந்தால் அதை நிறுத்தி வையுங்கள். ஒவ்வோர் இதழிலிருந்தும் ஒரே ஒரு உத்தியை எடுத்து, எழுதிக்கொண்டிருக்கும் கதையில் செய்து பார்த்து, தேதியோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று இதழ்களுக்குக் குறிப்பேட்டில் எதுவும் ஏறவில்லையா? முதல் படியில் எழுதிய வரியை எடுத்துப் பாருங்கள். அந்தச் சிக்கல் தீர்ந்திருந்தால் புதிய வரி ஒன்றை எழுதுங்கள், தீரவில்லை என்றால் வேறு இதழைச் சோதியுங்கள்.