எண் நினைவிருக்கிறது, நிபந்தனை மறந்துபோகிறது: நீரிழிவுப் பாடத்தில் மாணவர்கள் புள்ளி இழக்கும் இடங்கள்

பரீட்சை நெருங்கும் காலத்தில் நீரிழிவைப் படித்து முடித்துவிட்டதாக ஒரு மாணவர் சொன்னால், பெரும்பாலும் அவர் 126, 200, 6.5 என்ற மூன்று எண்களை மனனம் செய்துவிட்டார் என்றே பொருள். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள மருத்துவபீடங்களில் கற்கும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கும், திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பயில்பவர்களுக்கும் இது ஒன்றுபோலவே பொருந்தும். அந்த எண்களில் பிழையில்லை. ஓர் எண் எந்த மாதிரியில், எந்த அலகில், எந்த நிலையிலுள்ள நோயாளிக்குச் செல்லுபடியாகும் என்பதைச் சேர்த்துப் படிக்காமல் விடுவதில்தான் புள்ளிகள் போகின்றன.

அலகிலிருந்தே தொடங்கலாம். நமது வைத்தியசாலைகளின் கிளினிக் கொப்பிகளில் குருதிக் குளுக்கோசு ஒரு டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதப்படுகிறது. மாணவர்கள் கையில் வைத்திருக்கும் பிரித்தானியப் பாடநூல்களோ ஒரு லீற்றருக்கு இத்தனை மில்லிமோல் என்று பேசுகின்றன. 18ஆல் வகுத்தால் முதலாவது இரண்டாவதாகும் என்பதை அறியாதவர் இல்லை. ஆயினும் சூத்திரம் ஒன்றுக்குள் நுழைந்தவுடன் அலகு மறந்துபோகிறது. சோடியம் 145 மில்லிமோல், குளுக்கோசு 720 மில்லிகிராம் உள்ள ஒருவரின் விளைவுறு ஒஸ்மோலாலிற்றியை, அதாவது குருதி எவ்வளவு செறிவாக இருக்கிறது என்ற அளவைக் கணிக்கும்போது, சோடியத்தின் இரு மடங்கான 290உடன் 40ஐக் கூட்டி 330 என்று விடை எழுத வேண்டும். அவசரத்தில் 720ஐ அப்படியே கூட்டி 1010 என்று எழுதுபவர், உயிருள்ள மனிதர் எவருக்கும் இருக்க முடியாத ஓர் எண்ணை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்.

நோய் நிர்ணயத்தில் நிகழும் தவறு இதைவிட நுட்பமானது. வெறுவயிற்றில் ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோசு அருந்தி இரண்டு மணி நேரத்தின் பின் 200 அல்லது அதற்கு மேல், கடந்த சில மாதங்களின் சராசரிக் குளுக்கோசைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்ற எல்லைகள் யாவும் ஆய்வுகூடத்தில் அளக்கப்பட்ட நாளக் குருதிக்கு உரியவை; விரல் நுனியில் குத்திக் குளுக்கோமீற்றரில் பார்த்த அளவை வைத்து நோயை நிர்ணயிக்கக் கூடாது. அத்துடன், அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் போதல், உடல் மெலிதல் போன்ற அறிகுறிகள் இல்லாத ஒருவருக்கு ஒரேயொரு பெறுபேறு போதாது. அதே சோதனையை மீளச் செய்தோ, வேறொரு சோதனையாலோ உறுதிப்படுத்த வேண்டும். கர்ப்பிணிக்கு இந்த விதி தலைகீழாகிறது. 2013ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வரையறைப்படி, கர்ப்பகால நீரிழிவுக்கு வெறுவயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 என்பவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தொட்டாலே போதும். இவ்விரு விதிகளையும் மாற்றி எழுதுபவர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் இருக்கிறார்கள்.

எச்பிஏ1சியின் மீது வைக்கும் கண்மூடித்தனமான நம்பிக்கையும் இதே வகைதான். அந்த அளவு, செங்குருதிக் கலம் வழமையான காலம் வாழ்ந்தது என்ற அனுமானத்தின் மீது நிற்கிறது. குருதிக் கலங்கள் விரைவாக அழியும் நோயிலும், அண்மையில் குருதி ஏற்றப்பட்டவரிலும் அது பொய்யாகக் குறைந்து காட்டலாம். இரும்புச்சத்துக் குறைபாட்டில் பொய்யாக உயர்ந்து காட்டலாம். வினாவில் ஈமோகுளோபின் 8 என்று தந்துவிட்டு எச்பிஏ1சியையும் தந்திருந்தால், அந்த 8 அலங்காரத்துக்காக அங்கே வைக்கப்படவில்லை.

வயதைப் பார்த்து வகையைத் தீர்மானிப்பது இன்னொரு பழக்கம். நாற்பத்தைந்து வயதுடைய ஒருவர் சில வாரங்களில் கண்கூடாக மெலிந்து, கீற்றோனுடன் (இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் உருவாகும் அமிலப் பொருள்) வந்தால் அவர் முதலாம் வகையினராக இருக்கக்கூடும். பிறபொருளெதிரிச் சோதனையின் பெறுபேறு வரும்வரை இன்சுலினைப் பிற்போடக் கூடாது. மறுபுறம், தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு குறைந்த உடற்பருமனிலேயே வந்துவிடுவதால், உடற்திணிவுச் சுட்டி 24 உள்ளவரைப் பாடநூல் படத்தில் பார்த்த பருத்த மனிதரோடு ஒப்பிட்டு விலக்கிவிடவும் முடியாது. நமது மக்களுக்கு 23லிருந்தே ஆபத்துக் கூடுகிறது.

கீற்றோன் மிகுந்து குருதி அமிலமாகும் கீற்றோஅசிடோசிஸ் என்ற தலைப்பில் சற்று நின்று பேச வேண்டியுள்ளது, ஏனெனில் கட்டமைப்பு வினாவிலும் வாய்மொழிப் பரீட்சையிலும் அது தவறாமல் எட்டிப்பார்க்கும். ‘முகாமைத்துவம் என்ன’ என்று கேட்டவுடன் பலரின் வாயில் முதலில் வருவது இன்சுலின். முதலில் வர வேண்டியது 0.9 சதவீத சேலைன். அடுத்து வர வேண்டியது பொற்றாசியம் எவ்வளவு என்ற கேள்வி. நோயாளியின் உடலிலிருந்து பெருமளவு பொற்றாசியம் சிறுநீருடன் போயிருந்தாலும், அமிலத்தன்மையாலும் இன்சுலின் இன்மையாலும் அது கலங்களிலிருந்து வெளியேறி வருவதால், குருதிப் பெறுபேறு சாதாரணமாகவோ உயர்ந்தோ தெரியலாம். இன்சுலின் கொடுத்தவுடன் அது கலங்களுக்குள் திரும்பிப் போய்விடும். குருதியில் அளவு சரிந்து இதயத் துடிப்பு குழம்பும். ஆகவே பொற்றாசியம் 3.5 மில்லிமோலுக்குக் குறைவாக இருந்தால் அதை ஈடுசெய்த பின்னரே இன்சுலின் தொடங்க வேண்டும். பழைய அமெரிக்க வழிகாட்டல்களில் 3.3 என்று இருக்கும். எந்த எண்ணைச் சொன்னாலும் காரணத்தையும் சேர்த்துச் சொல்பவருக்கே பரீட்சகர் தலையசைப்பார்.

இதே தலைப்பில் வரும் இரண்டாவது பெரிய தவறு, குளுக்கோசு இறங்கியதும் இன்சுலினை நிறுத்துவது. இங்கே சிகிச்சையின் இலக்கு குளுக்கோசு அன்று, கீற்றோன். குளுக்கோசு ஏறத்தாழ 250 மில்லிகிராமுக்கு இறங்கியதும் டெக்ஸ்ட்ரோசைச் சேர்த்துக்கொண்டு, அமிலத்தன்மை தீரும்வரை இன்சுலினைத் தொடர வேண்டும். சிறுநீரில் கீற்றோன் இன்னும் இருக்கிறதே என்று பதறவும் தேவையில்லை. சிறுநீரில் தோய்க்கும் சோதனைப் பட்டை, கீற்றோன்களுள் முதன்மையான பீட்டா ஹைட்ரொக்சிபியூட்டிரேற்றைக் காட்டுவதில்லை, நோயாளி தேறிவரும்போது அது பட்டை காட்டும் அசிற்றோஅசிற்றேற்றாக மாறுவதால் பட்டையின் நிறம் சில வேளை கூடவும் செய்யும். குளுக்கோசைச் சிறுநீருடன் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகளை எடுப்பவர் வாந்தியோடும் வயிற்றுவலியோடும் வந்தால், குளுக்கோசு 200க்குக் கீழே இருந்தாலும் கீற்றோனைப் பார்க்காமல் விடக் கூடாது.

மருந்துகளைப் பற்றிய பகுதியில் பக்கவிளைவுப் பட்டியலை ஒப்புவிப்பது எளிது. மெற்போமின் தனித்து எடுக்கப்படும்போது சாதாரணமாகக் குளுக்கோசை ஆபத்தான அளவுக்கு இறக்குவதில்லை என்பதையும், மதிப்பிடப்பட்ட சிறுநீரக வடிகட்டல் வீதம் 30க்குக் கீழே போனால் அதை நிறுத்த வேண்டும் என்பதையும் பெரும்பாலோர் எழுதிவிடுகிறார்கள். தடுமாறுவது, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் சல்போனைல்யூரியா குழுவில். தம்பலகாமத்திலிருந்து, அக்குழுவைச் சேர்ந்த கிளிபென்கிளமைட் எடுக்கும் ஒரு முதிய விவசாயி மயங்கிய நிலையில் கொண்டுவரப்படுகிறார், நாளத்தின் வழியே டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை அனுப்பிவிடலாம் என்று எழுதும் விடை, வார்ட்டில் எழுதப்பட்டால் உயிரைக் குடிக்கும் விடை. அந்த மருந்தின் செயற்பாடு, குறிப்பாகச் சிறுநீரகம் பழுதடைந்தவரில், நீண்ட நேரம் நிற்பதால் குளுக்கோசு மீண்டும் இறங்கும். அனுமதித்துக் குறைந்தது 24 மணி நேரமாவது கண்காணிக்க வேண்டும். அவரிடம் கேட்க மறக்கும் இன்னொரு கேள்வியும் உண்டு. பாகற்காய்ச் சாறும் ஆவரசம்பூக் குடிநீரும் நம் வீடுகளில் மருந்துக் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே ‘வேறு மருந்து எடுக்கிறீர்களா ஐயா’ என்றால் இல்லை என்பார். பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சிக்கல்களுக்கான பரிசோதனைக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம்: இரண்டாம் வகையில் விழித்திரையை நோய் கண்டறிந்த உடனேயே பார்க்க வேண்டும், முதலாம் வகையில் ஐந்து ஆண்டுகளுக்குள். பாதப் பரிசோதனை அவ்வளவு சுருக்கமானதன்று. வயலிலும் கடற்கரையிலும் வெறுங்காலோடு உழைப்பவர்கள் நிறைந்த மாவட்டம் இது. உணர்வற்ற பாதம் சுடுமணலில் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அப்படியிருந்தும், பாதத்தின் தொடு உணர்வைச் சோதிக்கும் நுண்ணிழையைக் கையில் எடுத்த மாணவர் விரலிடுக்குகளை விரித்துப் பார்ப்பதில்லை, தடித்த தோலின் மேலேயே இழையை அழுத்துகிறார், நாடித்துடிப்பைக் கடைசியில் நினைத்துக்கொள்கிறார். வலியின்றி வீங்கிச் சிவந்து வெப்பமாக இருக்கும் பாதத்தைக் கண்டவுடன் தொற்று என்று மட்டும் சொல்லி, நரம்புப் பாதிப்பால் பாத எலும்புகளும் மூட்டுகளும் சிதையும் ஷார்கோ பாதத்தைச் சொல்லாமல் விடுவதும் அடிக்கடி நேர்வது.

கிண்ணியாவிலும் மூதூரிலும் கிளினிக்கில் அமரப்போகும் எவருக்கும் ரமழான் கால ஆலோசனை பாடத்தின் ஓர் அங்கமே. பாவனை நோயாளியை வைத்து நடத்தும் செய்முறைப் பரீட்சைக்கு அது மிகப் பொருத்தமான தலைப்பும்கூட. ‘நோன்பு பிடிக்காதீர்கள்’ என்று ஒரே வரியில் முடிப்பவர், நோயாளி எப்படியும் பிடிக்கப்போகிறார் என்பதையும் மருந்தைத் தாமாகவே மாற்றிக்கொள்வார் என்பதையும் கவனிக்கவில்லை. முதலாம் வகையினர், அண்மையில் கீற்றோஅசிடோசிஸ் வந்தவர், இன்சுலின் எடுக்கும் கர்ப்பிணி ஆகியோருக்கு ஆபத்து அதிகம் என்பதைத் தெளிவாகச் சொல்லித் தவிர்க்கும்படி கேட்கலாம். மற்றவர்களிடம் நோன்புக்குச் சில வாரங்கள் முன்பே பேசி, சல்போனைல்யூரியா குழுவின் கிளிக்கிளசைட் நாளுக்கு ஒரு வேளையாயின் அதை நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்ற வேண்டும்; இரு வேளையாயின் விடியலுக்கு முன் உண்ணும் சஹர் வேளையின் அளவைக் குறைக்க வேண்டும். விரலில் குத்திக் குளுக்கோசு பார்ப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளதை எடுத்துச் சொல்ல வேண்டும். 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ, நோன்பு திறக்கும் மஃரிபுக்கு அரை மணி நேரமே மீதமிருந்தாலும், அன்றைய நோன்பை உடனே முடித்துக்கொள்ள வேண்டும் என்பதை நோயாளியின் வாயாலேயே திருப்பிச் சொல்லவைக்க வேண்டும்.